13பி ரோட்டரி எஞ்சினுக்கு காத்து எங்கேந்து எடுக்கறது: ஸ்பின்னர் பக்கமா, மூக்குக்கு கீழயா, வயித்துலயா, நாக்கா டக்ட்டா?

ஆர்வி-7 மாதிரி ஒரு ரெண்டு சீட் பிளேன கராஜ்ல வச்சு கட்டி, அதுல வழக்கமான லைகாமிங் பிஸ்டன் எஞ்சினுக்கு பதிலா, பிஸ்டன் இல்லாம முக்கோண ரோட்டர் சுத்தற மாஸ்டா கார் எஞ்சினான 13பி ரோட்டரிய மாட்டணும்னு முடிவு பண்ணவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்த கேள்வி வந்து நிக்கும், கௌலிங்ல, அதாவது எஞ்சின மூடற கவர்ல, குளிர வைக்கற காத்து உள்ள வர்ற ஓட்டைய எங்க வெட்டறது, எவ்ளோ பெருசா வெட்டறதுன்னு. எஞ்சினவிட, ப்ரொப்பல்லருக்கு வேகத்த கொறைச்சு குடுக்கற ரிடக்ஷன் டிரைவவிட, ஃப்யூவல் இஞ்செக்ஷனவிட ரோட்டரி பிளேன்கள அதிகமா தரையில உக்கார வச்சது இந்த கூலிங் விஷயம் தான்னு நான் நம்பறேன். அதனால நாலு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துடலாம், கடைசில நான் எத எடுப்பேன்னும் சொல்றேன்.

முதல்ல ரோட்டரிக்கு ஏன் இது இவ்ளோ கஷ்டம்னு புரிஞ்சுக்கணும். லைகாமிங் மாதிரி ஏர் கூல்டு எஞ்சின்ல சிலிண்டர் ஹெட் 200 டிகிரி சூட்டுல ஓடும், வெளில 35 டிகிரி வெயில் இருந்தாலும் நடுவுல 165 டிகிரி வித்தியாசம் இருக்கு, வெப்பம் ஈஸியா காத்துக்கு போயிடும். 13பி-ல கூலன்ட் 95 டிகிரில தான் ஓடணும், அப்போ வித்தியாசம் வெறும் 60 டிகிரி. அதே வெப்பத்த இறக்க நிறைய ரேடியேட்டர் பரப்பு வேணும், அந்த பரப்பு முழுக்க காத்து ஒழுங்கா பரவணும். இதோட ஆயில் வேற இருக்கு. ரோட்டரியில ரோட்டர உள்ளேந்து குளிர வைக்கறதே ஆயில் தான், அதனால வெளிய தள்ள வேண்டிய வெப்பத்துல சுமார் மூணுல ஒரு பங்கு ஆயில் வழியா தான் போகும். பிஸ்டன் எஞ்சினுக்கு வைக்கற சின்ன ஆயில் கூலர இங்க வச்சா பத்தாது, ஆயில் கூலர ரெண்டாவது ரேடியேட்டரா நெனச்சு தான் இடம் ஒதுக்கணும். ஆயில் 100 டிகிரிய தாண்டி ஓடிட்டே இருந்தா ரோட்டர்ல இருக்கற ஆயில் சீல் ஓ-ரிங்குங்க கெட்டுடும், கூலன்ட் கொதிச்சா ஹவுசிங் நடுவுல இருக்கற வாட்டர் சீல் போயிடும். ரெண்டுமே எஞ்சின முழுசா பிரிக்கற வேலை.

இப்போ ஒரு கணக்கு போட்டு பாக்கலாம், கணக்கு இல்லாம இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்ல. ஏறும்போது 180 குதிரைசக்தி எடுக்கறோம், கூலன்ட்டும் ஆயிலும் சேந்து 100 கிலோவாட் வெப்பம் தள்ளணும்னு தோராயமா வச்சுக்கோங்க. ரேடியேட்டருக்குள்ள போய் வெளிய வர்றதுக்குள்ள காத்து 40 டிகிரி சூடாகுதுன்னா செகண்டுக்கு ரெண்டரை கிலோ காத்து வேணும், 35 டிகிரி வெயில்ல அது சுமார் 2.2 கன மீட்டர். மணிக்கு 160 கிலோமீட்டர்ல ஏறும்போது எதிர்ல வர்ற காத்த அப்படியே அதே வேகத்துல உள்ள வாங்கறதுக்கு சுமார் 490 சதுர செ.மீ. ஓட்டை வேணும். அதே பிளேன் 320-ல க்ரூஸ் (ஏறி முடிச்சு சீரா) போகும்போது பவர் குறைச்சு 60 கிலோவாட் தான் தள்றோம், உயரத்த கணக்குல எடுக்காம பாத்தா 150 சதுர செ.மீ. போதும். மூணு மடங்குக்கும் மேல வித்தியாசம்! அழுத்தத்துலயும் இதே கதை தான், 160-ல எதிர்க்காத்து குடுக்கற அழுத்தம் 12 செ.மீ. தண்ணி உயரம், 320-ல 49 செ.மீ. அதாவது ஏறும்போது தான் வெப்பம் அதிகம், அப்போ தான் காத்தோட தள்ளு சக்தியும் கம்மி.

ஓட்டையோட அளவு ஒண்ணு தான், அத பறக்கும்போது மாத்த முடியாது. ஏற்றத்துக்கு ஏத்த மாதிரி 490 வெட்டினா, க்ரூஸ்ல அந்த ஓட்டைக்குள்ள காத்து வெளி வேகத்துல 0.3 பங்குல தான் நுழையும், மீதி காத்து ஓட்டைக்கு முன்னாடியே மெதுவாகி விலகி வெளில வழிஞ்சு போகும். இந்த நிலைமைய எந்த இன்லெட் தாங்குது, எது தாங்காது? என்னோட முடிவு மொத்தமும் இந்த ஒரு கேள்வி மேல தான் நிக்குது. சுத்தமான காத்துல நேரா முகம் காட்டி நிக்கற ஓட்டைக்கு இது பிரச்சனையே இல்ல, காத்து வெளிலயே மெதுவாகி அழுத்தமா மாறிடும், நஷ்டம் கிட்டத்தட்ட கிடையாது, உதட்டோட வெளிப்பக்கம் நல்லா உருண்டையா இருந்தா போதும். ஆனா பிளேன் தோல ஒட்டி வர்ற மந்தமான காத்துல, பவுண்டரி லேயர்னு சொல்வாங்களே அதுல உக்காந்திருக்கற ஓட்டைக்கு இது ஆகாது. முன்னாடி அழுத்தம் ஏறினா அந்த மந்தமான காத்தால எதிர்த்து வர முடியாது, தடிமன் ஆகி பிரிஞ்சு சுழல ஆரம்பிச்சிடும்.

இத மனசுல வச்சுட்டு நாக்கா டக்ட்லேந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எல்லாரும் ஆசைப்படறது அது தான். பாக்க அவ்ளோ அழகு, தோலுக்குள்ள அமுங்கி இருக்கும், வெளில எதுவும் நீட்டிட்டு நிக்காது. 1945-ல கலிபோர்னியா ஏம்ஸ் லேப்ல நாக்கா (நாசாவுக்கு முன்னாடி இருந்த அமெரிக்க விமான ஆராய்ச்சி அமைப்பு) ஆளுங்க ஆராய்ச்சி பண்ணி வெளியிட்ட வடிவம், அந்த வளைஞ்ச பக்க சுவர் ஓரமா ரெண்டு சுழல் உருவாகி மந்தமான காத்த ஓரம் கட்டி நல்ல காத்த உள்ள இழுக்கும். அருமையான ஐடியா, ஆனா அது நல்லா வேலை செய்யறது காத்து ஓரளவு வேகமா, வெளி வேகத்துல பாதிக்கு மேல உள்ள போகும்போது தான், தோல் மேல பவுண்டரி லேயர் மெல்லிசா இருக்கற இடத்துல தான். நமக்கு க்ரூஸ்ல 0.3 வருதுன்னு இப்ப தானே பாத்தோம். அதோட அந்த சுழலோட உள்ள வர்ற காத்த உடனே விரிச்சு பெரிய ரேடியேட்டர் முகத்துல பரப்பணும்னா அது விரியாது, சுவர விட்டு பிரிஞ்சு கோரோட, அதாவது ரேடியேட்டரோட ஃபின் அடுக்கோட, ஒரு மூலையில மட்டும் பாயும். கேபினுக்கு காத்து, ஆல்டர்னேட்டர் மேல ஒரு ஊது, இக்னிஷன் காயிலுக்கு கொஞ்சம் குளிர்ச்சி, இதுக்கெல்லாம் நாக்கா டக்ட் தாராளமா வைங்க. 13பி-யோட மெயின் ரேடியேட்டருக்கு வேண்டாம். லாங்-ஈஸி மாதிரி பின்னாடி ப்ரொப்பல்லர் வச்ச பிளேன்ல அடிவயித்துல நாக்கா வச்சிருக்கறத காட்டி கேக்கலாம், அங்க காத்த வெளியேத்தற இடத்துல ப்ரொப்பல்லர் இழுத்து உதவி பண்ணுது, குளிர வைக்கறதும் ஏர் கூல்டு எஞ்சின், அதோட வெப்ப வித்தியாசமே வேற.

அடுத்தது வயித்து ஸ்கூப், அதாவது வெளில நீட்டிட்டு நிக்கற காத்து வாய், ரெண்டாம் உலகப்போர் பிளேனான பி-51 மஸ்டாங் ஸ்டைல். 1930கள் நடுவுல இங்கிலாந்துல ஃபார்ன்பரோவுல மெரிடித்ங்கறவர் கணக்கு போட்டு காட்டினது, ரேடியேட்டர் காத்துக்கு வெப்பம் ஏத்தி நல்ல வடிவத்துல வெளிய விட்டா இழுவையில ஒரு பெரிய பகுதி திரும்ப கெடைக்கும்னு. மஸ்டாங் அத நல்லா பயன்படுத்திக்கிச்சு. ரேடியேட்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் நீளமான டக்ட், பின்னாடி தேவைக்கு தொறந்து மூடற கதவு. படிச்சா யாருக்கும் ஆசை வரும், எனக்கும் உண்டு. ஆனா மஸ்டாங் ஸ்கூப்ப கிட்ட போய் பாத்தா அதோட மேல் உதடு இறக்கைய ஒட்டி இருக்காது, நல்லா கீழ தள்ளி ஒரு இடைவெளி விட்டிருப்பாங்க, மந்தமான காத்து அந்த சந்துல போயிடணும்னு. ஆர்வி-7ல மூக்குலேந்து 3 மீட்டர் பின்னாடி ஸ்கூப் வச்சீங்கன்னா, தட்டையான பரப்புக்கு போடற கணக்குலயே பவுண்டரி லேயர் சுமார் 4 செ.மீ. தடிமன் வருது, நிஜத்துல கௌலிங் சந்து, கியர் லெக் எல்லாம் தாண்டி வர்றதால இன்னும் மோசமா தான் இருக்கும். அவ்ளோ தூரம் ஸ்கூப்ப கீழ இறக்கணும், லேண்டிங்ல புல்லு கல்லு எல்லாம் பாத்துக்கணும்.

இதவிட பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு, நிறைய பேர் யோசிக்காதது. மஸ்டாங்ல எக்சாஸ்ட் மூக்கோட ரெண்டு பக்கத்துலயும் வெளிய போகும். ஆர்வி கௌலிங்ல எக்சாஸ்ட்டும் எஞ்சின் ரூம் சூட்டு காத்தும் ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தடுப்புக்கு) அடியில தான் வெளிய வரும், வந்து நேரா வயித்த ஒட்டி பின்னாடி போகும், அங்க தான் உங்க ஸ்கூப் வாய தொறந்துட்டு காத்திருக்கும்! ரோட்டரி எக்சாஸ்ட்டோட சூடு பிஸ்டன் எஞ்சினவிட அதிகம்னு வேற சொல்லணும். எக்சாஸ்ட்ட பக்கவாட்டுல திருப்பி விட்டா தான் இது ஆகும். அப்புறம் கூலன்ட் பைப் ஃபயர்வால தாண்டி காலுக்கு அடியில போகணும், எடையும் ஏறும். மூக்கு கனமா வர்ற பிளேனுக்கு அந்த எடை பின்னாடி போறது ஒரு நல்லது தான், அத மறுக்கல. சொந்தமா ஏர்ஃப்ரேமே டிசைன் பண்றவங்களுக்கு நான் இதையே சிபாரிசு பண்ணுவேன், இருக்கற கிட் பிளேன்ல ஒட்டு போடறவங்களுக்கு பண்ண மாட்டேன்.

இறக்கை முன் விளிம்புல ஓட்டை வைக்கற வழியும் இருக்கு, டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ அப்டி தான் பண்ணிச்சு, அருமையான இடம். ஆனா ஆர்வில இறக்கையோட முன் விளிம்புல பெட்ரோல் டேங்க் இருக்கு, பேச்சு அதோட முடிஞ்சது.

மூக்குக்கு கீழ, ஸ்பின்னருக்கு (ப்ரொப்பல்லர் நடுவுல இருக்கற கூம்புக்கு) அடியில ஒரே பெரிய ஸ்கூப் வைக்கறது தான் மூணாவது வழி. இத நான் ரொம்ப மதிக்கறேன். கௌலிங் ஆரம்பிக்கற இடம்ங்கறதால பவுண்டரி லேயர் சேர நேரமே இருக்காது, ஏறும்போது மூக்கு தூக்கறப்போ கீழேந்து வர்ற காத்து நேரா ஸ்கூப்புக்குள்ள வரும், ஒரே ரேடியேட்டர், ஒரே டக்ட், லீக் பாக்க வேண்டிய இடம் கம்மி. ரேடியேட்டர எஞ்சினுக்கு அடியில சாய்வா படுக்க வச்சு, காத்து கோர் முகத்த ஒட்டி நுழைஞ்சு திரும்பி உள்ள போற மாதிரி ஆப்பு வடிவ டக்ட் கட்டினா கம்மி உயரத்துலயே பெரிய கோர் வைக்கலாம். பிரச்சனை என்னன்னா, முன் சக்கரம் வச்ச ஆர்வி-7ஏ-ல அந்த இடத்துல தான் மூக்கு கியர் லெக் இறங்குது. வால் சக்கர ஆர்வி-7ல இடம் இருக்கு. இன்னொண்ணு, ரேடியேட்டர் எஞ்சினுக்கு கீழ போறதால காத்து குமிழி மேல எஞ்சின்லயே மாட்டிக்கும், கூலன்ட் நிரப்பும்போது உயரமான இடத்துல ஹெடர் டேங்க், அதுக்கு குமிழிய வெளியேத்தற ப்ளீட் லைன் எல்லாம் சரியா இல்லைன்னா கேஜ் சாதாரண சூடு காட்டிட்டே உள்ள கொதிக்கும். ஓடுபாதையில முன் சக்கரமோ ப்ரொப்பல்லரோ கெளப்பற கல்லு நேரா கோர்ல அடிக்கும்ங்கறதையும் சேத்துக்கோங்க.

கடைசியா ஸ்பின்னருக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வட்ட ஓட்டை. ஆர்வி கௌலிங்லயே அந்த இடத்துல லைகாமிங்குக்கான ஓட்டை இருக்கு, 13பி எஞ்சின் லைகாமிங்கவிட ரொம்ப குறுகல், சிலிண்டர் நீட்டிட்டு இருந்த ரெண்டு பக்கமும் காலியா கெடைக்கும், அங்க பக்கத்துக்கு ஒரு ரேடியேட்டர் கோர் உக்காரும். ரோட்டரி கட்டறவங்க பல வருஷமா ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஏசியோட எவாப்பரேட்டர் கோர எடுத்து கூலன்ட் ரேடியேட்டரா மாத்தி வச்சுட்டு வர்றாங்க, பெரிய ஃபிட்டிங் வெல்ட் பண்ணி. அது ஏதோ காசு மிச்சம் பண்ற வேலைன்னு நெனைக்காதீங்க. கார் ரேடியேட்டர் மெல்லிசா அகலமா இருக்கும், ஏன்னா கார் மெதுவா போகும், காத்து அழுத்தம் கம்மி. பிளேனுக்கு அழுத்தம் நிறைய இருக்கு, அதனால தடிமனான சின்ன முகம் உள்ள கோர் தான் பொருத்தம், கம்மி காத்த வச்சே நிறைய வெப்பத்த எடுக்கும், அந்த கம்மி காத்து தான் கம்மி இழுவை.

நம்ம கணக்குல 490ஐ மூணா பிரிச்சா கூலன்ட்டுக்கு ரெண்டு பங்கு, ஆயிலுக்கு ஒரு பங்கு, ஒவ்வொண்ணும் சுமார் 163 சதுர செ.மீ., அதாவது 14.4 செ.மீ. விட்டம் உள்ள மூணு வட்டம். ரெண்டு வட்டம் ஸ்பின்னர் பக்கத்துல கூலன்ட்டுக்கு, மூணாவது மூக்குக்கு கீழ ஆயில் கூலருக்குன்னு அழகா பொருந்துது. இந்த கலவை தான் என்னோட தேர்வு. மூணு ஓட்டையும் சுத்தமான காத்துல நேரா முகம் காட்டி நிக்குது, க்ரூஸ்ல 0.3 வந்தாலும் கவலையில்ல, கூலன்ட்டையும் ஆயிலையும் தனித்தனியா சரி பண்ணலாம், ஒண்ணுக்கு செய்யறது இன்னொண்ண கெடுக்காது. ஆயில் ஓட்டை கீழ சின்னதா இருக்கறதால 7ஏ-ல கூட கியர் லெக்குக்கு ஒரு பக்கமா தள்ளி வைக்கலாம்.

குறை இல்லாம இல்ல. ப்ரொப்பல்லரோட வேர் பகுதி உருண்டையா இருக்கும், அதுக்கு நேர் பின்னாடி ஓட்டை இருக்கறதால தரையில நிக்கும்போது காத்து சரியா கெடைக்காது, அதனால ஓட்டைய ஸ்பின்னர விட்டு கொஞ்சம் வெளில தள்ளி வைங்க. ஏறும்போது மூக்கு தூக்கினா கீழ இறங்கற ப்ளேடு பக்கம் அதிகமா தள்ளும், ரெண்டு ஓட்டைக்கும் சமமா அழுத்தம் வராது, அதனால ரெண்டு கோரையும் எந்த வரிசையில இணைக்கறீங்கங்கறதையும் யோசிக்கணும்.

டக்ட் நீளம் தான் எல்லாத்துலயும் பெரிய தலைவலி. 14.4 செ.மீ. வட்டத்த 750 சதுர செ.மீ. கோர் முகத்துக்கு விரிக்கணும்னு வைங்க, நேர் கோட்டு கூம்பா, பக்கத்துக்கு 7 டிகிரின்னு தாராளமா எடுத்தாலே 65 செ.மீ.க்கு மேல நீளம் வேணும். கௌலிங்ல அதுல பாதி கெடைச்சாலே பெருசு. இங்க தான் கூஹெமான், வெபர்னு ரெண்டு ஏரோடைனமிக்ஸ் ஆராய்ச்சியாளர்களோட வேலை கை குடுக்குது. டக்ட் முதல்ல கொஞ்ச தூரம் கிட்டத்தட்ட நேரா போய், கோருக்கு பக்கத்துல வந்ததும் நாதஸ்வரத்தோட அணசு மாதிரி சட்டுனு விரியணும், அப்போ கோரோட எதிர்ப்பே காத்த சுவரோட ஒட்ட வச்சு பரப்பிடும். ஓட்டையிலேந்தே விரிக்க ஆரம்பிக்கறவங்க தான் அதிகம், காத்து அங்கயே பிரிஞ்சிடும், அப்புறம் எவ்ளோ பெரிய ஓட்டை வெட்டினாலும் கோரோட நடுவுல மட்டும் தான் பாயும். ஃபோம்ல செதுக்கி மேல ஃபைபர்கிளாஸ் போட்டு இந்த வடிவத்த பொறுமையா எடுங்க, இதுக்கு செலவு பண்ற வாரம் வீண் போகாது. டக்ட் கோரோட சேர்ற விளிம்புல சிலிக்கான் ரப்பர் வச்சு முழுசா அடைங்க, அங்க ஒரு விரல் சந்து இருந்தாலும் காத்து கோர விட்டுட்டு அது வழியா ஓடிடும்.

ஓட்டையோட உதடு கூர்மையா இருக்கவே கூடாது. உள் வளைவு ஏறும்போதும் தரையிலயும் உதவும், வெளி வளைவு க்ரூஸ்ல வழியற காத்துக்கு.

சரி, வெளிய போற வழி? எதிர்பக்க ஜன்னல் சாத்தியிருக்கற வீட்ல இந்தப்பக்க ஜன்னல எவ்ளோ பெருசா வச்சாலும் காத்து வராது, கௌலிங்லயும் அதே தான். சூடு ஏறுதுன்னதும் கத்திய எடுத்து இன்லெட்ட பெருசாக்க போறது தான் வழக்கம், எனக்கு அத பாத்தா வருத்தமா இருக்கும், ஏன்னா வெட்டின கௌலிங்க திரும்ப மூடறது பெரிய வேலை, பல நேரம் பிரச்சனை அங்க இருக்கறதே இல்ல. காத்து சூடாகி விரியறதால வெளிய போற வாய் இன்லெட்டவிட பெருசா இருக்கணும், அதுவும் மூணு கோரோட காத்தும் ஒரே கௌலிங்குக்குள்ள கொட்டுதுன்னா மொத்தத்துக்கும் சேத்து இடம் வேணும், இல்லன்னா ஆயில் கூலர் காத்தே கௌலிங் அழுத்தத்த ஏத்தி ரேடியேட்டர் காத்த நிறுத்திடும். ஃபயர்வால் அடி விளிம்ப கூர்மையா விடாம பெரிய வளைவா ஆக்குங்க. அந்த வெளிவாய தொறந்து மூடற கதவு, கௌல் ஃப்ளாப், கண்டிப்பா வைங்க. முன்னாடி சொன்ன மூணு மடங்கு வித்தியாசத்த பறக்கும்போது சமாளிக்கறதுக்கு இருக்கற ஒரே கருவி அது தான், ஏறும்போது முழுசா தொறந்து க்ரூஸ்ல மூடினா காத்து அளவு கொறையும், இழுவையும் கொறையும். எடை கூடும், ஒரு லீவர் கூடும்னு சிலர் வேண்டாம்பாங்க, ரோட்டரிக்கு நான் அத ஏத்துக்க மாட்டேன்.

கட்டி முடிச்சதும் அளந்து தான் பாக்கணும். ஒரு பழைய ஏர்ஸ்பீட் இண்டிகேட்டரோ, கலர் தண்ணி ஊத்தின ப்ளாஸ்டிக் ட்யூபோ இருந்தா போதும். ஒரு ட்யூப் கோருக்கு முன்னாடி, ஒண்ணு பின்னாடி, அப்புறம் கோருக்கு பின்னாடி இருக்கறதுக்கும் பிளேனோட ஸ்டாட்டிக் லைனுக்கும் (வெளிக்காத்தோட சாதாரண அழுத்தத்த எடுக்கற குழாய்க்கும்) நடுவுல இன்னொரு அளவு. 160-ல ஏறும்போது மொத்தம் இருக்கறதே 12 செ.மீ. தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க. கோருக்கு முன்னாடி அதுல பெரும்பகுதி வந்தா இன்லெட்டும் டக்ட்டும் நல்லா இருக்கு, அத தொடாதீங்க. முன்னாடி நல்லா இருந்தும் பின்னாடி அழுத்தம் அதிகமா நின்னா வெளிவாய பெருசாக்குங்க. முன்னாடியே கம்மியா இருந்தா டக்ட் வடிவத்தையும் லீக்கையும் பாருங்க, கோர் முகத்துல நாலு மூலையிலயும் தனித்தனியா அளந்தா காத்து எங்க போகலன்னு தெரிஞ்சிடும். இதெல்லாம் சரியா இருந்தும் கோர்லேந்து வெளிய வர்ற காத்து கூலன்ட் சூட்ட நெருங்கற அளவுக்கு கொதிச்சு வருதுன்னா, அப்போ தான் காத்து அளவே பத்தலன்னு அர்த்தம், அப்போ இன்லெட் மேல கை வைங்க. முதல் சில பறப்பு குளிர்ந்த காலை நேரத்துல, கௌல் ஃப்ளாப் முழுசா தொறந்து, வழக்கத்தவிட வேகமா, மூக்க தாழ்த்தி ஏறுங்க, கேஜ்ல கூலன்ட்டவிட ஆயில் மேல கண்ண வைங்க, ரோட்டரியில முதல்ல எல்லைய தொடறது பெரும்பாலும் அது தான்.